அடக்க முடியவில்லை என்பதை டொக்டரிடம் எப்படிச் சொல்வது

கொழும்பில் மாதாந்தக் கிளினிக்குப் போகும் நம்முடைய பெரியவர்கள் பிரஷரைப் பற்றிப் பேசுவார்கள், சீனியைப் பற்றிப் பேசுவார்கள், முழங்கால் நோவைக் கேட்காமலே சொல்வார்கள். சலம் (சிறுநீர்) கசிவதைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். மலத்தை அடக்க முடியவில்லை என்றால் கட்டிய கணவனிடமோ மனைவியிடமோ கூடச் சொல்வதில்லை. வீட்டாரின் கண்ணில் படுவது வேறு விஷயங்கள்தான். அம்மா இப்போதெல்லாம் கலியாண வீடுகளுக்கு வரமாட்டேன் என்கிறார். அப்பா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ் ஏறுகிற நாளில் மாமி மத்தியானத்திலிருந்தே தண்ணீர் தொடுவதில்லை. மருதானையில் ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போனவர் இப்போது வீட்டிலேயே தொழுதுகொள்கிறார், கசிவால் வுளூ (தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாவது) முறிந்துவிடுமே என்ற கவலையில். (தொடர்ந்து கசிகிறவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக வுளூ செய்து தொழலாம் என்ற சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. ஆலிம் ஒருவரைக் கேட்டால் விளக்கமாகச் சொல்வார்.)

இப்படி ஒதுங்கிக்கொள்கிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை எடுத்துப் பார்த்தால், வயது வந்த பெண்களில் மூன்று நான்கு பேருக்கு ஒருவர் எப்போதாவது சலம் கசிவதாகச் சொல்கிறார். ஆண்களில் இது குறைவு, ஆனால் வயதோடு கூடிக்கொண்டே போகும். மலம் கசிவது நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இருக்கிறது. ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருந்தால் அதில் பலருக்கு இந்தப் பிரச்சினை இருக்கும் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வயது போனால் இப்படித்தான், நாலு பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்ற பேச்சுத்தான் பெரிய தடை. வயதும் பிள்ளைப்பேறும் காரணங்களில் சேரும், அது உண்மை. ஆனால் கசிவு என்பது ஒரு தனி வருத்தம் கிடையாது. அது ஓர் அறிகுறி. அதன் பின்னால் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றைக் கெடுத்துவிடலாம். ஆகவே எப்போது கசிகிறது, எவ்வளவு, அதற்கு முன் என்ன நடந்தது என்ற விபரங்கள்தான் வைத்தியத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த விபரங்களைச் சொல்லக்கூடியவர் நோயாளி ஒருவர் மட்டுமே. அவர் வெட்கத்தில் பேசாமல் இருந்தால் எந்த ஸ்கானும் அவருக்காகப் பேசாது.

உள்ளே என்ன நடக்கிறது

சிறுநீரகங்கள் இரவும் பகலும் சலத்தைச் சலப்பைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வளர்ந்த ஒருவரின் சலப்பை 400 முதல் 500 மில்லிலீட்டர் வரை கொள்ளும். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 150 அல்லது 200 மில்லிலீட்டர் சேர்ந்ததுமே முதல் உணர்வு வரும். அப்போது மூளை 'இப்போது வேண்டாம்' என்று பொறுத்துக்கொள்ளும். வசதியான இடம் கிடைத்ததும் வாசலில் உள்ள இறுக்கித் தசை தளர்ந்து, சலப்பையின் சுவர்த் தசை சுருங்கி, எல்லாம் ஒரேயடியாக வெளியே போகும். பகலில் ஏழெட்டுத் தடவை, இரவில் ஒரு தடவை என்றால் அது வழமையான கணக்கு.

இதையெல்லாம் கீழேயிருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசைகள். முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை ஏணைச் சேலை மாதிரிக் கட்டப்பட்டிருக்கும். சலப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் இருக்கின்றன. பிள்ளைப்பேறு, கூடிய உடல் எடை, வருடக்கணக்கான முக்கல், ஓயாத இருமல் எல்லாம் அந்தச் சேலையைத் தொய்ய வைக்கும்.

பின்பக்க ஏற்பாடு இன்னும் நுட்பமானது. மலவாசலில் இரண்டு வளையத் தசைகள். உள்வளையம் நம்மைக் கேட்காமல் தானாகவே இறுகியிருக்கும். வெளிவளையம் நாம் விரும்பி இறுக்குவது. வந்து நிற்பது காற்றா, நீரா, கட்டியா என்று அந்த இடத்துத் தோல் பிரித்தறியும். முள்ளந்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் அதே நரம்புகள்தான் முன்னையும் பின்னையும் ஆளுகின்றன. அதனால் ஒன்று கெட்டால் மற்றதும் கெடுவது வியப்பில்லை. மலச்சிக்கல் இருக்கிறவருக்கு நிறைந்த மலக்குடல் சலப்பையை நெரித்து, சலமும் அவசரப்படும். சில பேருக்கு மலச்சிக்கலைச் சரிசெய்ததுமே சலக்கசிவும் குறைந்துவிடும்.

எந்த வகை என்று பார்ப்பது

இருமினால், தும்மினால், சிரித்தால், தண்ணீர் வாளியைத் தூக்கினால், பஸ் படியில் காலை எட்டி வைத்தால் கொஞ்சம் போய்விடுகிறது; அவசரம் எதுவும் இல்லை. இது அழுத்தக் கசிவு. சலப்பையில் கோளாறு இல்லை, வாசல்தான் தளர்ந்திருக்கிறது. பெண்களில் அதிகம். ஆண்களில் புரொஸ்டேட் (சலப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) சத்திரசிகிச்சைக்குப் பின் வரும், அது பெரும்பாலும் சில மாதங்களில் குறைந்துகொண்டு போகும். பிரஷருக்குக் குடிக்கும் எனாலப்ரில் வகைக் குளிசைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். அந்த இருமல்தான் கசிவுக்குக் காரணம் என்றால் குளிசையை மாற்றினாலே போதும். ஆனால் இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் சொன்னால்தானே அவர் முடிச்சைக் கண்டுபிடிப்பார்? இருமலை ஓரிடத்தில் சொல்லி, கசிவை எங்குமே சொல்லாமல் இருந்தால் அது வருடக்கணக்கில் போகும்.

இன்னொருவருக்கு இருமல் தும்மல் ஒன்றும் செய்யாது. வீட்டுக் கதவுக்குத் திறப்பைப் போடும்போது, குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்போது, திடீரென்று தாங்க முடியாத அவசரம் வரும். ஓடிப் போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிடும். இது அவசரக் கசிவு. சலப்பை நிறைவதற்கு முன்பே அதன் சுவர்த் தசை சுருங்கிவிடுகிறது. சலத்தில் கிருமித்தொற்று, பாரிசவாதம், பார்க்கின்சன் நோய் எல்லாம் இதைச் செய்யும். பலருக்குக் காரணம் எதுவும் தெரிவதில்லை, ஆனாலும் வைத்தியம் இருக்கிறது. பெண்களில் பலருக்கு அழுத்தமும் அவசரமும் கலந்தே இருக்கும்.

மூன்றாவது வகையைத் தவறவிட்டால் ஆபத்து. சலப்பை சுத்தமாகக் காலியாவதே இல்லை. எப்போதும் நிறைந்திருந்து, மேலதிகமாக வருவது சொட்டுச் சொட்டாக வழிகிறது. புரொஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கும், நீண்ட காலம் சீனி வருத்தம் இருந்து நரம்பு மரத்துப்போனவர்களுக்கும் இது வரும். முக்கித்தான் போக வேண்டும், ஓட்டம் மெல்லியதாக இருக்கும், போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது போல இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சலக் கசிவுக்குக் கொடுத்த குளிசையை இவர் வாங்கிக் குடித்தால் சலம் முற்றாக அடைபட்டுப் போகலாம். உள்ளே தேங்கிய சலம் பின்னோக்கி அழுத்திச் சிறுநீரகத்தைப் பாழாக்கும். தடிமனுக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் கூட, புரொஸ்டேட் வீங்கிய ஒருவருக்கு இரவோடிரவாகச் சலத்தை அடைத்துவிடலாம்.

சலப்பையில் கோளாறே இல்லாமலும் நனையும். முழங்கால் வருத்தத்தால் குந்த முடியாத அம்மம்மாவின் வீட்டில் இருப்பது குந்தும் மலசலகூடம் மட்டும். அல்லது ஐந்து பேர் இருக்கும் பிளட்டில் ஒரே பாத்ரூம், காலையில் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கு வெளிக்கிடும் அவசரம். அவர் எழுந்து, தடியை எடுத்து, கதவைத் தட்டி, காத்திருந்து... அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இவருக்குக் குளிசை எழுதிக் கொடுத்துப் பலனில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கொமட் கதிரை, சுவரில் பிடித்து எழும்ப ஒரு கைபிடி, இரவில் ஒரு சின்ன வெளிச்சம். அவ்வளவுதான் வைத்தியம். இரவில் அவசரமாக எழுந்து ஓடி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இது எவ்வளவோ மேல்.

குளிசைகளைப் பற்றி இன்னும் ஒன்று. டொக்டரிடம் போகும்போது குடிக்கிற எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் புரூசமைட் சலத்தைக் கூட்டும், அதுதான் அதன் வேலை. பிரஷருக்கான பிரசோசின் வாசல் தசையைத் தளர்த்தும். சீனிக்கு இப்போது கொடுக்கப்படும் எம்பாகிளிபுளோசின் வகை சீனியைச் சலத்தோடு வெளியேற்றுவதால் சலமும் கூடும். இவை நல்ல மருந்துகள், நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் நேரத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேறொன்றைத் தரலாம். அந்த முடிவு டொக்டருடையது.

மலக் கசிவு

இங்கேதான் மௌனம் ஆகக் கூடியது, தவறான வீட்டு வைத்தியமும் ஆகக் கூடியது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவருக்கு வயிற்றோட்டம் என்று சொன்னார்கள். ஒரு நாளைக்குப் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணியாகப் போய்க் கட்டில் விரிப்பெல்லாம் நனைந்தது. வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை கொடுத்தார்கள். இரண்டு நாள் பரவாயில்லை, பிறகு முன்னையதை விட மோசம். சாப்பாட்டைக் குறைத்தார்கள். கடைசியில் வீட்டுக்கு வந்த ஒரு தாதி கையுறை போட்டுப் பார்த்தபோது மலவாசலுக்கு உட்புறம் கல் மாதிரி இறுகிய மலம் அடைத்துக்கொண்டிருந்தது. மேலேயிருந்து வந்த நீர் மட்டும் அதன் ஓரத்தால் வழிந்துகொண்டிருந்தது. உண்மையில் அவருக்கு இருந்தது கடும் மலச்சிக்கல். கொடுத்த குளிசையோ அதை மேலும் இறுக்கியிருக்கிறது. அடைப்பை எடுத்து, மலத்தை இளக்கும் மருந்தை ஒழுங்காகக் கொடுத்ததும் கசிவு நின்றது. படுக்கையில் இருக்கிற, அதிகம் நடமாடாத, நோவுக்குக் கொடீன் போன்ற குளிசை குடிக்கிற பெரியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். திடீரென வயிற்றோட்டம் என்றால், அதற்கு முன் எத்தனை நாள் மலம் போகவில்லை என்று முதலில் கேளுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு பழைய காரணம் இருக்கும். பிள்ளை பிறக்கும்போது கிழிவு மலவாசல் தசை வரை போயிருந்தால், அன்றைக்குத் தைத்ததோடு சரியாகிவிட்டது போல இருந்திருக்கும். இருபது முப்பது வருடம் கழித்து, மாதவிடாய் நின்று தசைகள் தளரும்போது கசிவு தொடங்கும். டொக்டர் கேட்காவிட்டாலும் பிரசவத்தைப் பற்றிச் சொல்லுங்கள்: ஆயுதம் போட்டு எடுத்ததா, பிள்ளை எவ்வளவு பாரம், பின்பக்கம் வரை தையல் போட்டார்களா என்று. மூலம், பவுத்திரம் போன்றவற்றுக்குச் செய்த சத்திரசிகிச்சைகளையும் சொல்லுங்கள். மலக்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் அடிக்கடி அவசரமாகப் போக வேண்டியிருப்பதை 'உயிர் தப்பியதற்கு விலை' என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை, அதற்கும் செய்யக்கூடியவை இருக்கின்றன.

சீனி வருத்தக்காரர் கவனிக்க வேண்டியது மெட்போர்மின். கொழும்பில் எத்தனையோ வீடுகளில் தினமும் குடிக்கப்படும் குளிசை. சிலருக்கு வயிற்றைத் தண்ணியாக்கும். இளகிய மலத்தை அடக்குவது கட்டி மலத்தை அடக்குவதை விடக் கடினம், ஆகவே தசை கொஞ்சம் தளர்ந்தவருக்கு அதுவே கசிவாக மாறும். மெதுவாக வெளியாகும் வகைக்கு மாற்றினால் பலருக்குக் குறைகிறது.

வைத்தியம் பெரும்பாலும் எளிமையாகத்தான் தொடங்கும். மலத்தை அதிகம் இளகாமலும் இறுகாமலும் ஒரே பதத்தில் வைத்திருப்பது முதல் வேலை. தண்ணியாகப் போகிறவருக்கு இசப்கோல் உமி உதவும், டொக்டர் சொன்னால் வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபரமைட் சிறிய அளவில் உதவும். காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் லோபரமைட் கூடாது. சாப்பிட்டு இருபது முப்பது நிமிடத்தில் குடல் தானாகவே அசையும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஆறுதலாகப் போய் இருக்கப் பழகினால், வெளியே போகும்போது குடல் காலியாக இருக்கும். இதற்கு மேல் வேண்டியவர்களுக்குத் தசைப் பயிற்சி, கிழிந்த தசையைத் தைப்பது, நரம்பைத் தூண்டும் சிறு கருவி என்று படிகள் இருக்கின்றன.

மொழியும் மூன்று நாள் தாளும்

சட்டப்படி தமிழும் அரசகரும மொழிதான். ஆனால் கொழும்புக் கிளினிக் ஒன்றில் டொக்டர் சிங்களத்தில் கேட்க, பக்கத்தில் நிற்கும் பேரன் அதைத் தமிழில் திருப்பிச் சொல்வதுதான் பல குடும்பங்களின் நடைமுறை. "அம்மம்மா, சலம் போறதில ஏதும் பிரச்சினை இருக்கா எண்டு கேக்கிறார்." பத்தொன்பது வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அவர் என்ன சொல்வார்? "ஒண்டுமில்லை ராசா." அதோடு முடிந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இந்த விஷயத்துக்குப் போகும்போது மகளோ, சகோதரியோ, சம வயதுச் சிநேகிதியோ கூடப் போவது நல்லது. தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று கேட்பதில் தப்பில்லை. அதுவும் இல்லையென்றால் சிங்களத்தில் ஒரே ஒரு வசனம் போதும்: "முத்ரா பாலனய கரகன்ன பே" (சலத்தை அடக்க முடியவில்லை). மலம் என்றால் முத்ரா என்ற இடத்தில் மலபஹ என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவர் கேட்டுக்கொள்வார்.

இதை விடவும் பலன் தருவது ஒரு தாள். மூன்று நாளைக்கு நேரம், குடித்தது, போன அளவு, கசிந்ததா என்று எழுதுவது. பாத்ரூமில் அளவுக்கோடு போட்ட ஒரு பழைய பிளாஸ்டிக் ஜக்கை வைத்துக்கொண்டால் சரி. தாளில் பெரும்பாலும் நேரமும் எண்களும்தான், அதனால் எந்த மொழி டொக்டருக்கும் புரியும்.

இப்படி ஒரு தாளைப் பாருங்கள். காலை 5.50, 420 (மில்லிலீட்டர்). 6.15, பால் தேநீர் ஒரு கோப்பை. 7.05, 110, அவசரம், கதவுக்கு முன்னால் கசிவு. 8.00, பிளேன்டீ. 8.40, 90, அவசரம். இதில் முதல் எண்ணே நிறையச் சொல்கிறது. இரவு முழுவதும் வைத்திருந்து 420 போகிறவரின் சலப்பை சின்னதில்லை. பகலில் 90க்கும் 110க்கும் அவசரப்படுகிறது என்றால் அது அவசரக் கசிவு, தேநீரும் அதைத் தூண்டியிருக்கலாம். இன்னொருவரின் தாளில் இரவும் பகலும் 60, 70, 60 என்றே இருந்து, இடையில் சொட்டிக்கொண்டும் இருந்தால், உள்ளே சலம் தேங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். வேறொருவர் பகலில் குறைவாகப் போய், இரவில் மூன்று தடவை எழுந்து ஒவ்வொரு தடவையும் 350 போகிறார். அவருடைய பிரச்சினை சலப்பையில் இல்லை. ஒரு நாள் சலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வருகிறது என்றால் கால் வீக்கம், இருதயம், கட்டுப்படாத சீனி, தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது என்று வேறு பக்கம் தேட வேண்டும். இவருக்குச் சலப்பைக் குளிசை கொடுப்பது வீண்.

எங்கே போவது என்றால், முதலில் பக்கத்துக் குடும்ப டொக்டர் அல்லது அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக் நல்ல இடம். பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் அங்கே இலவசம், அங்கேயே இதையும் சொல்லலாம். அங்கிருந்து காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்கோ டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலைக்கோ கடிதம் தருவார்கள். ஆண்களுக்குத் தேசிய வைத்தியசாலை, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் களுபோவில வைத்தியசாலை. தனியாரில் சனல் பண்ணுகிறவர்கள் பெண் டொக்டர் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். ஐந்து வயதைக் கடந்தும் படுக்கையை நனைக்கும் பிள்ளைகளின் கதை வேறு. பெரும்பாலும் வளர வளரச் சரியாகும், அடித்துத் திருத்துகிற விஷயம் இல்லை. முதலில் குடும்ப டொக்டரிடம் காட்டுங்கள்.

அங்கே சலத்தைச் சோதிப்பார்கள், சீனி பார்ப்பார்கள், வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். பெண்களுக்கு உள்பரிசோதனையும், தேவைப்பட்டால் ஆண் பெண் இருவருக்கும் மலவாசலில் விரல் பரிசோதனையும் உண்டு. இருமச் சொல்வார்கள், கசிந்தால் அது அவர்களுக்கு வேண்டிய தகவல், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்கானுக்குத் தண்ணீர் குடித்து வரச் சொல்வார்கள். சலம் போய்விட்டு வந்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கசிவுக்குக் குளிசை தொடங்கும் முன் அந்த எண் தெரிந்திருப்பது பாதுகாப்பு.

வைத்தியம் எப்படிப் போகும்

அழுத்தக் கசிவுக்கு முதல் வைத்தியம் இடுப்புத்தளப் பயிற்சி. 1948ல் ஆர்னோல்ட் கேகல் என்ற அமெரிக்கப் பெண்நோயியல் வைத்தியர் இதை எழுதினார். இன்றைக்கும் முதலாவதாகச் சொல்லப்படுவது இதுதான். காற்றுப் பிரியாமல் அடக்குவது போலப் பின்வாசலை இறுக்கி, அப்படியே முன்பக்கத்தையும் உள்ளே மேலே இழுங்கள். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடக்கத்தில் இரண்டு மூன்று வினாடி வைத்திருக்க முடிந்தாலே போதும், மெல்ல எட்டுப் பத்து வினாடிக்குக் கொண்டுவரலாம். விட்டு, அதே அளவு ஆறி, மறுபடி. எட்டுத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இருமல் வருகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்வது இதன் பாதிப் பலன். சலம் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள், சலப்பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

பயிற்சி செய்தும் பலனில்லை என்கிறவர்களில் பலர் இறுக்குவதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகிறார்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை பார்த்துத் திருத்தினாலே பெரிய வித்தியாசம். ஆகவே கடிதம் கேட்கும்போது பிசியோதெரபிக்கும் சேர்த்துக் கேளுங்கள். எடை கூடியவர்கள் எடை குறைப்பதும் கைகொடுக்கும். 2009ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக நூற்றுக்கு எட்டுப் பங்கு எடை குறைத்த பெண்களுக்குக் கசிவு ஏறக்குறையப் பாதியானது.

அவசரக் கசிவுக்குச் சலப்பையைப் பழக்க வேண்டும். அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். நின்று அல்லது இருந்து, ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி விடுங்கள். அலை தணிந்ததும் நடந்து போங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போகிறவர் அதை ஒன்றேகால் ஆக்கி, அது பழகியதும் ஒன்றரை ஆக்கலாம். ஆறு வாரமாவது எடுக்கும். தேநீரையும் கோப்பியையும் குறைத்துப் பாருங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். புறக்கோட்டைக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்கள் நல்ல மலசலகூடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். செறிந்த சலம் சலப்பையை எரிச்சலூட்டும், தொற்றும் சேரும். இதில் அந்தப் பெண்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கழிப்பறை வைக்காத முதலாளிமாரைத்தான் கேட்க வேண்டும்.

பழக்கியும் போதாதென்றால் குளிசை. ஒக்ஸிபியூட்டினின், டொல்டெரோடின், சொலிபெனசின் என்பவை ஒரு குடும்பம். வாய் வறளும், மலம் இறுகும். வயது போனவர்களுக்கு ஞாபகத்தைக் குழப்பலாம் என்பதால் மறதி வருத்தம் உள்ளவர்களுக்குக் கவனமாகவே தர வேண்டும். மிராபெக்ரோன் வேறு வழியில் வேலை செய்வதால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் கிறீம் உதவும். கருப்பை இறங்கியவர்களுக்குச் சத்திரசிகிச்சை இல்லாமலே உள்ளே வைத்துத் தாங்கும் வளையம் இருக்கிறது. இவை கடந்தும் தீராதவர்களுக்குச் சலப்பையில் பொட்டொக்ஸ் ஊசி, வாசலைத் தாங்கும் சத்திரசிகிச்சை என்று உண்டு. செயற்கை வலை வைக்கும் முறையால் பல நாடுகளில் சில பெண்களுக்குக் கடும் நோவும் சிக்கலும் வந்திருக்கின்றன. வலையா, சொந்தத் தசைநாரா, என்ன பக்கவிளைவு என்று கேட்டுத் தெரிந்த பிறகே கையெழுத்து வையுங்கள்.

பராமரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பம்பஸ் மாற்றும்போது டெட்டோல் கலந்த தண்ணீரால் கழுவுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். வேண்டாம், அது முதிர்ந்த தோலை இன்னும் உரித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சவர்க்காரம், ஒற்றி உலர்த்துவது, பிறகு சிங்க் ஒக்சைட் கிறீம் அல்லது வஸ்லின் மெல்லியதாக. மறதி வருத்தம் உள்ளவரை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் கூட்டிக்கொண்டு போய் இருத்தினால் பம்பஸ் தேவை குறையும். ஏசினால் அவர் மறைக்கத்தான் பழகுவார்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் இருக்கின்றன. கடும் நாரி நோவோடு தொடையின் உட்புறமும் மலவாசலைச் சுற்றியும் மரத்து, கால் பலமிழந்து, சலமோ மலமோ தெரியாமல் போனால் அது முள்ளந்தண்டின் அடியில் நரம்புகள் நெரிபடுவதாக இருக்கலாம். அன்றைக்கே சத்திரசிகிச்சை தேவைப்படலாம். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். சலம் போகவே முடியாமல் அடிவயிறு வீங்கி நொந்தாலும் அப்படித்தான். நோவே இல்லாமல் ஒரே ஒரு தடவை சலத்தில் இரத்தம் வந்தாலும் காட்ட வேண்டும், சலப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, வாரக்கணக்கில் மலம் போகும் முறை மாறுவது எல்லாம் அதே மாதிரித்தான். கருப்பை எடுத்த பிறகோ கடினமான பிரசவத்துக்குப் பிறகோ இரவும் பகலும் இடைவிடாமல் கசிந்தால் உள்ளே துவாரம் விழுந்திருக்கலாம். அதைப் பயிற்சியால் மூட முடியாது, சத்திரசிகிச்சையால் முடியும்.

முதல் தடவை போனபோது 'வயசுக்கு இது சகஜம்' என்று அனுப்பிவிட்டார்கள் என்றால் மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு, புதிதாக மூன்று நாள் தாள் ஒன்றை எழுதிக்கொண்டு திரும்பப் போங்கள். பழைய தாளையும் கூடவே கொண்டுபோங்கள். இரண்டையும் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டித் தரச் சொல்லி, அடுத்து யாரிடம் அனுப்புகிறார் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.